அலைக்கணக்கு – 14: இரு நாட்டு அஞ்சல்தலையும் வேளாங்கண்ணிக் கரையும்

2015 ஏப்ரல் 10-ம் தேதி பாரீசில் பிரதமர் நரேந்திர மோதியும் பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா ஒல்லாந்தும் சந்தித்தார்கள். 36 ரஃபேல் போர் விமானங்களை இந்தியா வாங்கப்போகிறது என்ற அறிவிப்பு அன்றுதான் வந்தது. மறுநாள் நாளிதழ்களுக்கு வேறு தலைப்புச் செய்தி தேவைப்படவில்லை. அதே நாளில் இரு நாட்டு அஞ்சல் துறைகளும் கூட்டாக ஒரு ஜோடி அஞ்சல்தலைகளை வெளியிட்டன. விண்வெளித் துறையில் இரு நாடுகளும் கைகோத்து ஐம்பது ஆண்டு ஆனதற்கான நினைவு வெளியீடு அது. அஞ்சல்தலை சேர்ப்பவர்கள் முதல் நாள் உறையோடு வாங்கி ஆல்பத்தில் செருகிக்கொண்டார்கள். மற்றபடி பெரிதாக யாரும் பேசவில்லை.

அந்த ஜோடியில் இடம்பிடித்தவை இரண்டு செயற்கைக்கோள்கள்: மேகா-டிராபிக்ஸ், சரள். முதலாவது வெப்பமண்டலத்து மேகத்தையும் மழையையும் கவனிக்கப் போனது. இரண்டாவது போனது கடலின் உயரத்தை அளக்க.

சென்ற இதழில் 1977 நவம்பர் புயலில் நாகப்பட்டினம் பட்ட பாட்டோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து பாரீசுக்கு ஒரே தாவாகத் தாவுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். கடல் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது, இறங்கியது என்பது பல ஊர்களுக்குப் பள்ளிப் பாடம். வேளாங்கண்ணியும் அதை ஒட்டிய செருதூரும் பிரதாபராமபுரமும் அப்படிப்பட்ட ஊர்கள் இல்லை. காவிரியின் கிளையான வெள்ளையாறு கடலில் விழுகிற இடம் இது. நிலம் கடல் மட்டத்தைவிட அதிகம் உயர்ந்ததில்லை. மேற்கே கடைமடை வயல், கிழக்கே மணல், அதற்கப்பால் வங்கக்கடல். மூன்றுக்கும் நடுவே மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே கடலின் உயரத்தை அளக்க இரண்டு நாடுகள் சேர்ந்த கதையை இந்தக் கரையிலிருந்து சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இந்தக் கரைக்குப் பிரெஞ்சுக்காரர்களும் புதியவர்கள் இல்லை. வேளாங்கண்ணியிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் காரைக்கால். 1739-ல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக் கம்பெனி பெற்றுக்கொண்ட ஊர். 1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ம் தேதிதான் நடந்தது. அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 1962-ல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் வேளாங்கண்ணி ஆலயத்தைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார். அதே 1962-ல் விக்ரம் சாராபாயின் தலைமையில் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தது. பிரான்சின் விண்வெளி நிறுவனமான க்னேஸ் அதற்குச் சில மாதங்கள் முன்னால், 1961 டிசம்பரில் பிறந்திருந்தது. இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள்தான். ஆனாலும் காரைக்காலில் கணக்கு முடித்துக்கொண்ட பிரான்ஸ் பதினைந்தே மாதத்தில் வேறொரு கடற்கரைக்கு வேறொரு வேலையாக வந்து சேர்ந்ததை வரலாற்றின் குறும்பு என்று சொல்லலாம்.

அந்தக் கடற்கரை தும்பா. திருவனந்தபுரத்தை அடுத்த மீனவர் ஊர். பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊரை ஒட்டிப் போவதால் மேல்வளிமண்டலத்தை ஆராய அதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அங்கே புனித மகதலா மரியாள் தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் ஊர் மக்களும் சம்மதித்து அந்த இடத்தைக் கொடுத்தார்கள். தேவாலயக் கட்டடம் ஆய்வுக்கூடமாயிற்று. 1963 நவம்பர் 21-ம் தேதி மாலை அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அபாச்சி. அதன் தலைப்பகுதியில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. ழாக் பிளாமோன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் துறை. அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகைமேகம் விரிந்தது. அது நகர்வதைப் படமெடுத்து மேலே காற்று எந்தத் திசையில் என்ன வேகத்தில் போகிறது என்று கணக்கிட்டார்கள்.

அப்புறம் சென்டார் என்ற பிரெஞ்சு ராக்கெட்டை இங்கேயே செய்ய உரிமம் வாங்கினோம். அதற்கும் பெரிய பேரம் 1974-ல் முடிந்தது. திரவ எரிபொருளில் இயங்கும் வைக்கிங் எஞ்சினின் நுட்பத்தை பிரான்ஸ் தர வேண்டும். பதிலுக்கு இந்தியா பணம் தராது, ஆள் தரும். நம் பொறியாளர்கள் அங்கே போய் அவர்களுடைய திட்டத்தில் வேலை செய்தார்கள். நூறு ஆள்-ஆண்டு உழைப்பு என்பது ஒப்பந்தக் கணக்கு. பிரான்சின் வெர்னோனில் தங்கி இந்தக் குழுவை நடத்தியவர் நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன். வைக்கிங் இங்கே வந்து விகாஸ் ஆயிற்று. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி மலையடிவாரத்தில் அதன் சோதனைக்கூடம் அமைந்தது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் இன்றும் விகாஸ்தான். பணத்துக்குப் பதில் ஆள் அனுப்பி ஒரு தேசம் இவ்வளவு பெரிய சரக்கை வாங்கி வந்தது நம் பாடப்புத்தகங்களில் போதிய அளவு சொல்லப்படாத கதை.

1981 ஜூன் 19-ம் தேதி தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட் நம்முடைய ஆப்பிள் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றது. அதன் முதலாண்டு நிறைவில், 1982-ல், நம் அஞ்சல் துறை ஒரு தலை வெளியிட்டது. ஆரியபட்டாவுக்கு 1975-லும் ரோகிணியை ஏற்றிய எஸ்எல்வி-3க்கு 1981-லும் தலை வந்துவிட்டது. விண்ணில் நாம் செய்ததையெல்லாம் அஞ்சல் துறை விடாமல் பதிந்துகொண்டே வந்திருக்கிறது. என் குறை ஒன்றுதான். அஞ்சல்தலை ஏவிய நாளைப் போற்றும். அதற்குப் பிறகு அந்தக் கருவி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அளந்த அளவுகளைக் கண்டுகொள்ளாது. கடலைப் பொறுத்தவரை அளவுதான் முழுக்கதையும்.

கடலின் உயரத்தை விண்ணிலிருந்து எப்படி அளக்கிறார்கள்? செயற்கைக்கோள் நேர் கீழ்நோக்கி ஒரு ரேடார் துடிப்பை அனுப்புகிறது. அது கடற்பரப்பில் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. போய் வந்த நேரத்தை வைத்துத் தூரம் தெரியும். செயற்கைக்கோள் தரையிலிருந்து எந்த உயரத்தில் பறக்கிறது என்பது வேறு வழிகளில் தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கடலின் உயரம். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதில்தான் சிக்கல். 800 கிலோமீட்டர் மேலேயிருந்து போய் வர ஒரு துடிப்புக்கு வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரம் பிடிக்கிறது. உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கை மறுபடி பதினைந்தாகப் பிரித்தால் வரும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். நடுவே காற்றில் உள்ள நீராவி துடிப்பைத் தாமதப்படுத்தும். அதையும் தனியாக அளந்து கழிக்க வேண்டும். எதிரொலி சட்டென்று ஏறுகிறதா, இழுத்துக்கொண்டு ஏறுகிறதா என்பதை வைத்து அந்த இடத்தில் அலை எவ்வளவு உயரம் என்பதும் தெரிந்துவிடும். இது கொசுறு.

இப்படி அளந்தபோது நமக்குத் தெரியவந்த ஒரு விஷயம்: கடல் சமதளம் இல்லை. உலகக் கடற்பரப்பிலேயே மிகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. பூமியின் ஈர்ப்பு அங்கே குறைவு. அதனால் கணக்கிட்ட நிலையான மட்டத்தைவிட நூறு மீட்டருக்கும் மேல் கடல் தாழ்ந்து கிடக்கிறது. கப்பலில் போகிறவருக்கு இது தெரியாது. பள்ளம் அவ்வளவு அகலம்.

இந்த அளவைத் துறையில் பிரான்ஸ் வலுவாகக் காலூன்றியது 1992-ல். அமெரிக்காவின் நாசாவும் பிரான்சின் க்னேஸும் கூட்டாகச் செய்த டோபெக்ஸ்/போசைடன் அந்த ஆகஸ்டில் கூரூவிலிருந்து கிளம்பியது. அதன் வாரிசான ஜேசன்-1 2001 டிசம்பரில் போனது. கடல் மட்டம் ஆண்டுக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்துவருகிறது என்று இன்று நாம் சொல்லும் கணக்கு இந்த வரிசையிலிருந்து வந்தது.

இனி வேளாங்கண்ணி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மாதா கோயிலுக்கு வந்திருந்த கூட்டம் காலைப் பூசைக்கும் கடற்கரைக்கும் கடைத்தெருவுக்குமாகப் பரவியிருந்தது. இந்திய நேரப்படி காலை 6.28 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்தது. அளவு 9.1. கடல் ஆழம் 4,000 மீட்டர் என்றால் சுனாமி மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். காலை எட்டரை மணி வாக்கில், அதாவது நிலநடுக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 இந்தியப் பெருங்கடலின் தெற்கிலிருந்து வடகிழக்காக வங்கக்கடலின் மேல் பறந்தது. அதன் தோழரான டோபெக்ஸ்/போசைடனும் பக்கத்துத் தடத்தில் போனது. இரண்டின் ரேடாரும் வழக்கமான வேலையைச் செய்தன. நடுக்கடலில் சுமார் 60 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் அலை பதிவானது. அதன் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கீழே கப்பலில் இருந்திருந்தால் அந்த 60 சென்டிமீட்டர் யார் காலுக்கும் தெரிந்திருக்காது.

ஒன்பது மணி வாக்கில் அதே அலை நாகைக் கரையை அடித்தது.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,065 பேர் என்பது அரசுக் கணக்கு. தமிழ்நாட்டில் மொத்தம் இறந்தவர்கள் சுமார் 8,000. நான்கில் மூன்று பங்கு ஒரே மாவட்டத்தில். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் மீனவர்களை இழந்தன. வேளாங்கண்ணி யாத்திரிகர்களை இழந்தது. அவர்களில் பலர் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று தேடிச் சொல்லவே நாளாயிற்று. கேரளத்திலும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் இருந்த வீடுகளுக்கு, கோயிலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்பதுதான் முதலில் தெரிந்த செய்தி.

விண்ணில் ஒரு கண் அந்த அலையைப் பார்த்திருக்கிறது, கரைக்கு அரை மணி நேரம் இருக்கும்போதே பார்த்திருக்கிறது என்று பிறகு தெரிந்தபோது பலருக்கும் கோபம் வந்தது. பார்த்தும் ஏன் சொல்லவில்லை? கோபம் நியாயம். ஆனால் கருவியின் தன்மை வேறு. ஜேசன் எடுத்த அளவு தரைநிலையத்துக்கு இறங்கி, கணக்காகி, ஒருவர் மேசைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதுவும் ஒரு தடத்தில் ஒருமுறை போனால் மறுபடி அதே தடத்துக்கு வரப் பத்து நாள். அந்தக் காலையில் அது அங்கே இருந்தது தற்செயல். தற்செயலை நம்பி எச்சரிக்கை அமைப்பு கட்ட முடியாது. அந்த அலையின் அளவு பின்னாளில் உலகெங்கும் சுனாமிக் கணக்குகளைச் சரிபார்க்கப் பயன்பட்டது. நடுக்கடலில் ஒரு பெரிய சுனாமி எப்படி நகர்கிறது என்பதை அவ்வளவு துல்லியமாக அதற்கு முன் யாரும் அளந்ததில்லை. வேளாங்கண்ணிக்கு அதனால் அன்றைக்கு ஒரு பயனும் இல்லை.

பயன் தரக்கூடியது எது என்பதை இந்தியா மூன்றாண்டுக்குள் செய்துகாட்டியது. ஐதராபாத்தில் 1999 முதல் இயங்கிவந்த கடல் தகவல் சேவை மையமான இன்காயிசில் 2007 அக்டோபர் 15-ம் தேதி சுனாமி எச்சரிக்கை மையம் செயலுக்கு வந்தது. நிலநடுக்கமானிகள், கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோர ஓதமானிகள், முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த ஆயிரக்கணக்கான சாத்தியங்கள், கடைசியில் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு தொலைபேசி. 2012 ஏப்ரல் 11-ம் தேதி பிற்பகலில் சுமத்ராவுக்கு அப்பால் மறுபடி 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது சில நிமிடங்களில் அறிக்கை வெளியானது. தமிழ்நாட்டுக் கரையில் ஜனங்கள் மேட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். பூமி அந்த முறை பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை.

அப்படியானால் செயற்கைக்கோள் எதற்கு? சுனாமியைவிட மெதுவாக வருகிறவற்றுக்கு. இந்தக் கரையைச் சுனாமி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தொடும் என்று யாரும் சொல்ல முடியாது. புயலும் மழையும் ஆண்டுதோறும் தொடுகின்றன.

2007-ல் இஸ்ரோவும் க்னேஸும் சரள் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டன. வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. பிரான்ஸ் கொடுத்தது ஆல்டிகா என்ற உயரமானி. உலகெங்கும் மிதவைகளிலிருந்தும் விலங்குகளின் முதுகில் கட்டிய சிறு கருவிகளிலிருந்தும் தகவல் திரட்டும் ஆர்கோஸ் பெட்டியும் பிரான்சுடையதே. உடலும் ராக்கெட்டும் ஏவுதளமும் கட்டுப்பாடும் இந்தியாவுடையவை. அளவுகளைத் திருத்திக் கொடுப்பது இருவருக்கும் பொது. இடையில் ஓர் அவசரமும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பாவின் என்விசாட் 2012 ஏப்ரலில் திடீரென்று வாய்மூடிப்போனது. 35 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்பி, தடத்துக்கும் தடத்துக்கும் சுமார் 80 கிலோமீட்டர் இடைவெளியில், கடலை நெருக்கமாக அளந்துகொண்டிருந்த செயற்கைக்கோள் அது. அந்த வரிசை 1991 முதல் வருவது. அதே தடத்தில் போய் இடைவெளியை அடைக்கக்கூடிய நிலையில் இருந்தது சரள்தான்.

2013 பிப்ரவரி 25, மாலை 6.01 மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி பார்த்துக்கொண்டிருக்க பிஎஸ்எல்வி-சி20 எழுந்தது. சரளின் எடை 400 கிலோ சொச்சம். கூடவே கனடா, ஆஸ்திரியா, டென்மார்க், பிரிட்டன் நாடுகளின் ஆறு சிறு செயற்கைக்கோள்கள். பிரிட்டனின் சிறு பெட்டிக்குள் ஒரு கைப்பேசியையே வைத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் கட்டத்தில் எரிந்தது விகாஸ். 1974-ல் வெர்னோனில் உழைத்துச் சம்பாதித்த எஞ்சின் 2013-ல் பிரெஞ்சுக் கருவியைச் சுமந்து போயிற்று. அஞ்சல்தலையில் இந்த எஞ்சினுக்கும் ஒரு மூலை கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆல்டிகாவின் புதுமை அதன் அலைவரிசையில் இருந்தது. அதற்கு முன் கடலளந்த ரேடார்கள் பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டர் அலைநீளத்தை ஒட்டியவை. ஆல்டிகா பயன்படுத்திய 35.75 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மில்லிமீட்டர்தான். கடலைத் தொடும் வட்டம் சிறுத்தது. அதனால் கரைக்கு நெருக்கமாக வரும்வரை நிலத்தின் எதிரொலி கலக்காமல் அளக்க முடிந்தது. இந்த அலைவரிசையில் கடலளக்க முழுநேரமாக இறங்கிய முதல் உயரமானி இதுதான். இதற்கு ஒரு விலையும் உண்டு. கனமழை பெய்தால் இந்தச் சிறு அலை வழியிலேயே வலுவிழக்கும். ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடல் மேல் இது பெரிய தொந்தரவு ஆகிவிடுமோ என்று அறிவியலாளர்கள் முதலில் அஞ்சினார்கள். பயந்த அளவுக்கு இழப்பு இல்லை என்று பிறகு தெரிந்தது.

கரைக்கு நெருக்கமாக என்பதுதான் நம் ஊர்களுக்கு முக்கியம். வேளாங்கண்ணிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ஐப்பசியில் கொட்டும் மழைநீர் வயலிலிருந்து வடிவாய்க்கால், வடிவாய்க்காலிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல் என்று போக வேண்டும். பல நாள் போகாது. “கடல் தண்ணி வாங்கல” என்பார்கள் விவசாயிகள். கடைமடை ஷட்டரைத் திறந்தாலும் வெளியே கடல் உயர்ந்து நிற்கும். தண்ணீர் எதிர்த்து உள்ளே வரும். தூர்கட்டி நிற்கும் சம்பாப் பயிர் ஒரு வாரம் மூழ்கினால் அழுகிவிடும். இதற்கு முழுநிலவையும் அமாவாசையையும் மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் தமிழ்நாட்டுக் கரையில் கடலின் சராசரி மட்டமே ஆண்டின் பிற மாதங்களைவிட உயர்ந்திருக்கிறது. பங்குனி சித்திரையில் தாழ்ந்துவிடுகிறது. வயலுக்குத் தண்ணீரை வடிக்க வேண்டிய மாதத்தில் கடல் மேலே, வடிக்கத் தண்ணீரே இல்லாத மாதத்தில் கடல் கீழே. இந்த ஏற்ற இறக்கத்தை ஓதமானி ஒரு துறைமுகத்தில் அளக்கும். உயரமானி கரை நெடுகிலும், அப்பால் நடுக்கடலிலும் அளக்கும். மட்டம் எங்கிருந்து ஏறி வருகிறது என்று காட்டும்.

கடலோடிகளுக்கு இதன் மறுபாதி தெரியும். சோழமண்டலக் கரையில் வடக்கேயிருந்து ஓடிவரும் நீரோட்டத்தை வன்னி என்றும் தெற்கேயிருந்து வருவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். எந்த மாதம் எது ஓடும், எதில் எந்த மீன் படும், வலை எந்தப் பக்கம் இழுக்கும் என்பது செருதூர்ப் பெரியவர்களுக்கு மனப்பாடம். கடல்மட்டம் கரைப்பக்கம் உயர்ந்திருந்தால் இங்கே ஓட்டம் தெற்கு நோக்கி, தாழ்ந்திருந்தால் வடக்கு நோக்கி. பருவக்காற்றோடு இது ஆண்டுக்கு இருமுறை புரள்கிறது. உயரமானிகளின் அளவை வரைபடமாக்கினால் வன்னியும் தெண்டியும் நிறங்களாகத் தெரியும். மீனவர் அறிவுக்கு விண்வெளிச் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று சிலர் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. சரிபார்க்கப்பட்டது ரேடார்தான்.

புயலுக்கும் இந்த அளவு உதவுகிறது. கடலின் மேல்தோல் வெப்பத்தை மட்டும் பார்த்தால் புயல் எவ்வளவு வலுக்கும் என்று தெரியாது. வெதுவெதுப்பான நீர் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்பதும் வேண்டும். சூடான நீர் விரியும். விரிந்தால் கடல்மட்டம் சில சென்டிமீட்டர் மேலெழும். ஆகவே எங்கே மட்டம் உயர்ந்திருக்கிறதோ அங்கே புயலுக்குத் தீனி அதிகம். வங்கக்கடலில் இத்தகைய சூட்டுச் சுழல்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு புயல் அவற்றின் மேல் ஏறினால் ஒரே இரவில் உருமாறிவிடும்.

இந்தக் கரையின் பழைய நம்பிக்கைகளுள் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மக்காவ் பக்கமிருந்து இலங்கைக்குப் போன போர்த்துகீசியக் கப்பல் புயலில் சிக்கி, மாலுமிகள் மாதாவை வேண்டி, வேளாங்கண்ணியில் கரைசேர்ந்து சிறு ஆலயம் கட்டினார்கள் என்பது தலபுராணம். செப்டம்பர் 8 திருவிழாவே அந்தக் கரைசேர்தலோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆகஸ்ட் 29-ல் கொடியேறினால் இலட்சக்கணக்கான பேர் கூடுகிறார்கள். வரலாற்றுச் சான்று எவ்வளவு என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. புயலைக் குறித்த ஒரு நினைவைச் சுற்றியே ஓர் ஊர் எழுந்திருக்கிறது என்பது போதும்.

மீண்டும் அஞ்சல்தலைக்கு. அது வெளியானபோது ஜோடியில் ஒன்று ஏற்கெனவே பாதி ஊமை. 2011 அக்டோபர் 12-ம் தேதி மேகா-டிராபிக்ஸ் ஏவப்பட்டபோது அதன் முதன்மைக் கருவி மெட்ராஸ் என்ற மழை ரேடியோமானி. நம்மூர்ப் பெயர்தான், நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து அப்படி அமைத்திருந்தார்கள். அதே ராக்கெட்டில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் செய்த சிறு செயற்கைக்கோளும் போனது. மெட்ராஸின் சுழலும் பகுதி 2013 தொடக்கத்திலேயே பழுதானது. ஆனால் காற்றின் ஈரப்பதத்தை உயரம் வாரியாக அளக்கும் சஃபீர் என்ற இன்னொரு கருவி எதிர்பார்த்த காலத்தைத் தாண்டி உழைத்தது. 2023 மார்ச் 7-ம் தேதி இஸ்ரோ மேகா-டிராபிக்ஸைத் திட்டமிட்டே கீழிறக்கிப் பசிபிக் பெருங்கடலின் மேல் எரித்துவிட்டது. பழைய செயற்கைக்கோளைக் குப்பையாக விடாமல் இப்படிப் பொறுப்பாக முடிப்பது எளிதான வேலை இல்லை. அதற்கும் ஒரு தலை வெளியிட்டிருந்தால் நான் வாங்கியிருப்பேன்.

சரளுக்கு ஐந்தாண்டு ஆயுள் என்று கணக்கிட்டிருந்தார்கள். திசையைப் பிடித்து நிறுத்தும் சக்கரங்களில் கோளாறு வந்ததால் 2016 ஜூலையில் அதைப் பழைய தடத்திலிருந்து விடுவித்தார்கள். அதன் பிறகு சரள் ஒரே தடத்துக்குத் திரும்பாமல் மெல்ல நகர்ந்துகொண்டே புதுப்புதுக் கோடுகளில் கடலை அளந்தது. கோளாறு ஒரு லாபமாயிற்று. கோடுகள் நெருங்க நெருங்கக் கடற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் வெளிப்பட்டன. கடலடி மலைகளின் ஈர்ப்பால் மேலே நீர் இலேசாகக் குவியும் என்பதால் எந்தக் கப்பலும் அளக்காத மலைகள்கூட அதில் தடம் காட்டின.

2022 நவம்பர் 26-ம் தேதி பிஎஸ்எல்வி-சி54 ஏற்றிச் சென்ற ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளில் பிரான்சின் அடுத்த தலைமுறை ஆர்கோஸ் பெட்டி இருக்கிறது. அடுத்த மாதமே அமெரிக்காவும் பிரான்சும் ஸ்வாட் என்ற செயற்கைக்கோளை அனுப்பின. ஒரு கோட்டை அளப்பதற்குப் பதில் அகன்ற பட்டையாக அளக்கும் அதன் ரேடார் இயங்குவது ஆல்டிகா பழகிய அதே அலைவரிசையில்தான். கடலோடு ஆற்று நீர்மட்டத்தையும் அது அளக்கிறது. வெள்ளையாறும் அடப்பாறும் கடலில் சேரும் முகத்துவாரங்களில் ஆறு எவ்வளவு, கடல் எவ்வளவு என்ற பழைய வழக்குக்கு இத்தகைய அளவுகள் எதிர்காலத்தில் சாட்சி சொல்லக்கூடும்.

2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலை அன்று விண்ணில் இருந்த கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. காரைக்கால் வானிலை ரேடாரும் பார்த்தது. எச்சரிக்கை வந்தது, ஜனங்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். அப்படியும் தென்னந்தோப்புகள் ஏன் அப்படிச் சாய்ந்தன, ஒரு தலைமுறையின் வருமானம் ஓர் இரவில் எப்படிப் போயிற்று என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)